பாதிப்பு என்ற கட்டம்

ஆபீஸில் ரிஸ்க் ஷீட் நிரப்புவது என் வேலைகளில் ஒன்று. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5. பெருக்கினால் நிறம் வந்துவிடும். 20 என்றால் சிவப்பு. சர்வர் விழுந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதில் பெரிய சண்டை வராது.

ஒரு சனிக்கிழமை மாலை, அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கணக்கை அந்த இடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். கடல்மட்டம் உயர உயர ஆற்றுநீர் கடலில் இறங்குவது சிரமமாகும். மணல்திட்டு வாயை அடைத்திருக்கும் நேரத்தில் பெருமழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால் வெள்ளம் ஊருக்குள்தான் திரும்பும். வாய்ப்பு 4. சரி, பாதிப்பு?

ரூபாயில் எழுதினால் சீனிவாசபுரத்துக் குடிசைக்கு 1. அதே ஆற்றின் மேல் பாலம் கட்டி நீட்டிய விமான ஓடுபாதைக்கு 5. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் சில நாட்கள் மூடியே கிடந்தது. ஆனாலும் ஓடுபாதையை ஆக்கிரமிப்பு என்று யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஆட்களை அகற்றிவிட்டால் சிவப்பு பச்சையாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. அது தாழ்ந்த நிலம். 2015-ல் அங்கேயும் தண்ணீர் புகுந்தது. (என் ஆபீஸும் அதே ஓஎம்ஆரில், சதுப்பை ஒட்டித்தான் இருக்கிறது. நான் ஆக்கிரமிப்பாளன் இல்லையாம்.)

"அப்போ அவங்களை அங்கயே சாக விடணுமாடா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. கடற்கரை அவர்கள் உரிமை என்று எழுதிவிட்டு நாலாவது மாடியில் நிம்மதியாகத் தூங்குவதும் அசிங்கம்தான். ஆனால் கட்டுமரத்தில் போகிறவர் தினமும் ஆபத்தை எடைபோட்டுத்தான் போகிறார். செம்மஞ்சேரிக்கு அனுப்பும்போது எடைபோடுவது வேறு யாரோ. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் போகும் பிழைப்பு எந்தக் கட்டத்திலும் வராது. அவர்களே வேண்டாம் என்று கிளம்பினால் அது வேறு விஷயம். அதுவரை முன்னெச்சரிக்கை, வாயைத் திறந்துவைப்பது, நடந்துபோகும் தூரத்தில் உயரமான வீடு என்று யோசிக்கலாம். செலவு அதிகம், தெரியும். ஓடுபாதைக்கும் செலவு அதிகம்தான்.

பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், வாய் எப்போது அடைபடும் என்று கேட்டேன்.

"மழ நின்னு ஆத்துல ஓட்டம் கொறஞ்சா மண்ணு ஏறிக்கும் தம்பி. எங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்," என்றார். பிறகு என் பையைப் பார்த்து, "எதுக்கு, சர்வேக்கு வந்திருக்கியா?" என்றார்.