பால் வற்றிய மரம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர் தம் வாழ்நாளில் மிகுதியும் கண்ட பொருள் யாதென வினவினால், ரப்பர் மரமே என விடை கூற எவரும் தயங்கார். நகரத்தில் வாழ்வோரும், பாட்டனார் உளி பிடித்த கதையைக் கேட்டே வளர்ந்தவராதலின், இம்மரத்துக்கு முற்றும் அயலார் அல்லர். ஆயினும், கண்ணுக்கு மிக அண்மையில் உள்ள பொருளைப் பற்றி மனிதர் சிந்திப்பது அரிது. ஆங்கில வழியே கல்வி பயின்ற யாம், இளமையில் பனிமழையைப் பற்றியும், இந்நாட்டில் பூவாத மலர்களைப் பற்றியும் செய்யுட்களை மனப்பாடம் செய்தோம். வாயிலுக்கு எதிரே நின்ற ரப்பர் மரம் இலையுதிர்த்து மீண்டும் துளிர்த்தபின் சிறுசிறு மஞ்சட் பூக்களைப் பூக்கிறது என்பதும், அப்பூவுக்கு இதழ் இல்லை, மணம் உண்டு என்பதும் எந்தப் பாடத்திலும் இல்லை. காய் முற்றி வெயிலில் படீரென வெடிப்பதையும், புள்ளியிட்ட விதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் அடித்து எவனுடைய விதை உடைகிறது எனப் பந்தயம் கட்டுவதையும் லயத்துச் சிறுவர்களே எமக்குக் கற்பித்தனர். அம்மரத்தைச் சான்றாக வைத்து ஓர் ஒழுக்க வினாவை ஈண்டு ஆராய விழைகின்றோம். ஒன்றைக் காப்பதும் அதனை மதிப்பதும் ஒன்றுதானா என்பதே அவ்வினா.

முதற்கண் மரத்தின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். இஃது இந்நாட்டு மரமன்று. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டு அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 வித்துகளைத் திரட்டி, இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் சேர்ப்பித்தார். முளைத்தவை நூற்றுக்கு நான்கும் இரா. அக்கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பெற்றன. பல ஆண்டுகள் வரை இம்மரத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. அக்காலத்துத் துரைமார்களின் கண்ணுக்குக் காப்பிப் பயிரே தெரிந்தது. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ரிட்லி என்பார், காண்போரிடமெல்லாம் ரப்பர் விதையை நீட்டி நடுமாறு வேண்டியதால் 'பித்தர் ரிட்லி' என்று பெயர் வாங்கினார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனர் முதன்முதலாகத் தோட்ட முறையில் நட்டார். பின்னர் மோட்டார் வண்டி வந்தது. அதன் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டியிருந்தது. மலாயாவின் காடுகள் அழிந்தன. கப்பல் கப்பலாகத் தமிழர் வந்து இறங்கினர். பித்தர் என ஏசப்பட்டவர் நூறு வயது வாழ்ந்து 1956-இல் மறைந்தார் என்பது இடையே கூறத்தக்க செய்தி.

ரிட்லியின் பெருமை விதை கொடுத்ததனோடு முடியவில்லை. அமேசான் காட்டில் பால் எடுத்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திக் காயப்படுத்தியே பால் வடித்தனர். ரிட்லியோ, ஒரே வெட்டின் விளிம்பை மீண்டும் மீண்டும் மெல்லியதாய்ச் சீவி வந்தால் மரமும் சாகாது, பாலும் குறையாது என்பதைச் சோதித்துக் காட்டினார். நம் தாய்மார் இருள் பிரியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு செய்துவந்த தொழில் அதுவே. அதன் நுட்பம் அறியாதார் அதனை எளிய கூலிவேலை என்பர். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே, மரத்தின் வளர்ச்சிக்கே உயிராகிய மெல்லிய படலம் ஒன்று உண்டு. உளி அதைத் தொடலாகாது; ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்தே சீவவேண்டும். தொட்டால் காயம் விழும். காயம் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாய்ப் புடைத்து மறுவெட்டுக்கு உதவாது போகும். மேலோட்டமாகச் சீவினாலோ பால் வராது. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையினுள் நேர்க்குத்தாக இராமல் சற்றே சாய்ந்து சுற்றி ஏறுவதால், இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் வெட்டினாற்றான் மிகுதியான குழாய்கள் அறுபடும். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். பாலும் நெடுநேரம் ஓடும். இத்தனையையும் அரையிருளில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில், கையின் உணர்வையே நம்பிச் செய்த மூதாட்டிகள் நம்மிடையே இன்றும் இருக்கின்றனர். அவர்தம் விரல்கள் அறிந்ததை எழுதினால் ஒரு நூலாகும். எழுதுவார்தாம் இல்லை.

நிற்க. காயம் படாமல் வெட்டு என்று தண்டல் ஏசுவதும், விழுந்த காயங்களை எண்ணிக் குறிப்பதும், ஒருநாள் வெட்டி மறுநாள் மரத்துக்கு ஓய்வு கொடுப்பதும், வெட்டிய பட்டை மீண்டும் வளர ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்பதும் காண்போர்க்கு, தோட்டம் தன் மரத்தின்மீது எத்துணைப் பரிவு கொண்டுள்ளது என்றே தோன்றும். ஆனால், மரத்துக்கு இருபத்தைந்து முப்பது வயதாகிவிடட்டும்; மறுநடவுக்கு நாள் குறிக்கப்படட்டும். அப்போது விதிகள் யாவும் தலைகீழாகும். இதுகாறும் உளி படாத மேற்பட்டையிலும் வெட்டு விழும். ஒரு வெட்டு இரண்டாகும். ஏணி சார்த்தி ஏறுவர். பால் மேலும் சுரக்க எத்திபோன் என்னும் மருந்தைத் தடவுவர். காயத்தை எவரும் எண்ணார், தண்டலும் ஏசார். எப்படியும் சாயப்போகிற மரந்தானே!

இந்தக் கடைசிக் காலத்து வெட்டே எம்மைச் சிந்திக்க வைத்தது. முப்பது ஆண்டு காட்டிய பரிவு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அது மரத்தின்மீது கொண்ட பரிவாக என்றுமே இருந்ததில்லை. அது நாளைய பாலின்மீது கொண்ட பரிவு. நாளை என்பது இல்லையென்றதும் பரிவும் இல்லையாயிற்று. காத்தல் வேறு, மதித்தல் வேறு என யாம் கூறுவது இதனாலேயாம். பயன் உள்ளவரை இரண்டும் ஒரே முகத்தோடு உலவும். இன்னது இன்னதெனப் பிரித்தறிதல் கற்றறிந்தார்க்கும் அரிது. பயன் தீர்ந்த மறுநாள் எழுத்தறியாதாரும் பிரித்தறிந்து விடுவர்.

மரத்துக்கு மதிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது எனச் சிலர் நகைக்கலாம். அவர் கூற்றில் நியாயம் உண்டு. பால் தராத மரத்தைப் போற்றிக்கொண்டிருந்தால் சம்பளப் பணம் எங்கிருந்து வரும்? கிராணி வேலை பார்க்கும் எமக்கு அக்கணக்குத் தெரியாததன்று. சாய்த்த மரமும் இந்நாளில் வீண்போவதில்லை. முன்பு விறகாய் எரிந்தது, 1980-களுக்குப் பின்னர் நாற்காலியும் மேசையுமாகிக் கடல் கடந்து செல்லுகிறது. மரத்துக்காக அழவேண்டும் என யாம் கூறவில்லை. எம் கவலையெல்லாம் அளவுகோலைப் பற்றியது. நாள்தோறும் ஒரு கோலால் மரத்தை அளக்கும் கை, மனிதனை அளக்கும்போது வேறு கோலைத் தேடி எடுப்பதில்லை. எம் மேசைமேல் மரங்களின் கணக்கும் ஆட்களின் கணக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் இத்தனை மரம், இத்தனை பால். மற்றொன்றில் இத்தனை ஆள், இத்தனை பால். கோடு கிழித்திருக்கும் முறைகூட ஒன்றே.

தோட்டம் நம் முன்னோர்க்கு வீடு தந்தது, மருந்து தந்தது, பால்வெட்டுக்குப் போகும் தாயரின் குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை தந்தது, தமிழ்ப்பள்ளியும் கோயிலும் எழ இடந்தந்தது. இவற்றை இல்லையென்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும், இவை காத்தலா, மதித்தலா? மேலே கண்ட சோதனையையே வைத்துப் பார்ப்போம். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். மரமும் மண்ணும் விலைபேசப்பட்ட அந்நாளில், லயத்துக் குடும்பங்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. வேலை போனதும் வீடும் போயிற்று. தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைக்கொண்டு தோட்டங்களை வாங்குதற்காகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அவ்வின்னலைக் கண்டே. பின்னர்ப் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும், முதியோர் எங்கே போவர் என்ற வினா கடைசியில்தான் எழுந்தது. லயத்து வீடு வேலை செய்வோர்க்கு உரியது. வேலை முடிந்தால் வீட்டின் உரிமையும் முடியும் என்பர். எழுத்தளவில் அது சரியாயிருக்கலாம். நாற்பது ஆண்டு நிரை பிடித்த மூதாட்டி ஒருவர் தம் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டும்போது, அவ்விதியை அவர்க்கு யார் எடுத்துரைப்பது?

இவ்விடத்தில் நிறுத்திவிட்டுத் துரைமார்களை ஏசினால் கட்டுரை இனிதே முடியும்; படிப்போரும் மகிழ்வர். ஆனால், அந்த அளவுகோல் துரையின் கையோடு நின்றுவிட்டதா? நம் வீட்டுக்குள் அது எப்போதோ நுழைந்துவிட்டது. 1951-இல் நிறுவப்பட்ட ஊழியர் சேமநிதியின் பணம் ஒருவர் கைக்கு வந்துசேரும் மாதத்தைப் பாருங்கள். அதுவரை எட்டிப்பாராத உறவினர் பழக்கூடையோடு வருவர். மூத்த மகன் தந்தையின் உடல்நலத்தைக் காலையும் மாலையும் விசாரிப்பான். மருமகன் மாமனாரைத் தன் வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவான். ஒருவனுக்கு மோட்டார் வண்டி வேண்டும், ஒருத்திக்குத் திருமணம், மற்றொருவனுக்குப் பழைய கடன். பணம் கரைந்ததும் அதே தந்தையின் கட்டில் கூடத்திலிருந்து பின்தாழ்வாரத்துக்கு நகரும். இதற்கும், ஏணி சார்த்தி மேற்பட்டையை வெட்டுவதற்கும் வேறுபாடு யாதென யாம் கேட்கின்றோம். அவர் இறந்தாலோ, வட்டிக்கு வாங்கியேனும் பதினாறாம் நாள் நூறு பேர்க்குச் சோறு போடுவோம். உயிரோடிருந்தபோது ஒருவேளைக் கஞ்சியைச் சூடாகக் கொடாதவர், படத்தின்முன் எத்தனை பண்டங்களைப் படைக்கின்றனர் எனப் பட்டியல் எழுதினால் தாள் போதாது. படத்துக்குப் பசிப்பதில்லை, திரும்பக் கேட்பதுமில்லை.

பெண்மக்கள் செய்தி இன்னும் கொடிது. தோட்டத்துப் பள்ளியில் நன்றாய்ப் படித்த சிறுமியை, இன்னொருவர் வீட்டுக்குப் போகிறவள்தானே என்று நிறுத்தி, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வைத்த காலம் ஒன்று உண்டு. அது முற்றும் ஒழிந்துவிட்டது என்பார் சொல்லட்டும். பால் நம் மங்கில் விழாதெனில் மரத்துக்கு உரம் எதற்கு என்பதே அதன் கருத்து. பெற்ற மகளைப் பற்றிப் பேசும்போது 'செலவு' என்னும் சொல் எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், நாம் கங்காணியினும் கண்டிப்பான கணக்கர் என்பது விளங்கும்.

இன்று தோட்ட வேலையில் பெரும்பகுதியை இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தோர் செய்கின்றனர். நம் பாட்டனார் இருந்த லயத்திலேயே அவருட் பலர் இருக்கின்றனர். அவர்களை நம்மவர் கூப்பிடும் முறையைக் காதாரக் கேட்டிருக்கின்றோம். ஆளுக்கு ஒரு பெயர் உண்டு என்ற நினைப்பே அக்குரலில் இல்லை. கூலி என்ற சொல் தம் முன்னோரை எவ்வாறு சுட்டது என்பதை மேடைதோறும் முழங்கும் நாவே அதையும் சொல்லுகிறது.

கோலகங்சாரில் 1877-இல் நட்ட மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. வேலியிட்டு, பெயர்ப்பலகை வைத்துப் பாதுகாக்கின்றனர். அம்மரத்திடம் எவரும் பால் எதிர்பார்க்கவில்லை. பயன் தீர்ந்தபின்னும் ஒன்றை நிறுத்திவைத்துப் போற்ற மனிதரால் முடியும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா. அப்பேறு அதற்கு எதனால் கிட்டியது? அதன் கதை எழுதப்பட்டுள்ளது; எங்கிருந்து வந்தது, எப்போது நடப்பட்டது என்பது தெரியும். எழுதப்பட்டவர்க்கே மதிப்பு என்றால் அதுவும் கோணலான கோலே. எழுதப்படாதவர்க்கும் அஃது உரியது. எனினும், இன்னார் என்றே தெரியாதவரை எங்ஙனம் மதிப்பது?

எம் தோட்டத்தில் ஒவ்வொரு காட்டின் முகப்பிலும் ஒரு பலகை உண்டு. நட்ட ஆண்டு, பரப்பு, மரங்களின் எண்ணிக்கை ஆகியவை அதில் இருக்கும். 1925-இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய மர வகையாயின், அவ்வகையின் எண்ணும் இருக்கும். நட்டவர் பெயர் இராது. அடுத்த ஆண்டு சாயவுள்ள காடு ஒன்றை நட்டவர் யார் யாரென, அந்நாளில் அங்கே குழி வெட்டிய மூதாட்டி ஒருவரை அண்மையில் வினவினோம். 'அத எழுதி என்னா செய்யப் போறீங்க, கிராணி ஐயா?' என்றார் முதலில். பிறகு வாசற்படியில் அமர்ந்து, நிரை நிரையாக ஆட்களைச் சொல்லத் தொடங்கினார். இன்னார் இன்னாருக்கு மருமகள், இன்னார் செம்பனைத் தோட்டத்துக்குப் போய்விட்டார், இன்னார் கிள்ளானில் மகனோடு இருக்கிறார் என ஒவ்வொருவரைப் பற்றியும் விரித்தார். இருபத்தேழு பெயர்கள் எம் குறிப்பேட்டில் ஏறின. நால்வருடைய முகம் தெரிகிறது, பெயர் நாவில் வரவில்லை என்றார். தம் தங்கையைக் கேட்டு அடுத்த வாரம் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.