மனம் திருந்தியதற்கு எது சாட்சி?

லூக்கா நற்செய்தி சொல்லும் ஊதாரி மைந்தன் கதையில் தவறிப்போனவன் மகன். வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பவர் தந்தை. அமெரிக்காவில் ஒவ்வொரு ஜூன் மாதமும் பல ஊர்களில் நடக்கும் ஒரு விழாவில் இந்த இடங்கள் மாறிவிடுகின்றன. அங்கே தவறி மீண்டவர்கள் பெற்றோர், காத்திருந்தவர்கள் பிள்ளைகள்.

அரசு பிரித்தெடுத்துத் தற்காலிக வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்த குழந்தைகள் பெற்றோரிடமே திரும்புவதைக் கொண்டாடும் விழா அது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2010இல் இதற்குத் தொடக்கம் கொடுத்தது.

போதையில் பிள்ளையை மறந்து கிடந்தவருக்கு விழா எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கான விடையின் ஒரு பகுதி 12ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. யூத மெய்யியலாளர் மைமோனிடஸ் மனந்திரும்புதலுக்கு ஓர் அளவுகோல் வைத்தார். அழுது, தவறை ஒப்புக்கொண்டு, இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி சொன்னால் மட்டும் போதாது. அதே சூழ்நிலை மறுபடி வாய்க்க வேண்டும். தவறு செய்யும் வலுவும் வாய்ப்பும் இருக்க வேண்டும். அப்போதும் விலகி நிற்பவரே முழுமையாகத் திருந்தியவர்.

பிள்ளையைத் திருப்பித் தருமுன் நீதிமன்றமும் பெற்றோரை ஏறத்தாழ இப்படித்தான் சோதிக்கிறது. போதை மீட்புச் சிகிச்சை, சிறுநீர்ப் பரிசோதனை, நிலையான வீடு என்று ஒரு திட்டம் போடப்படும். முதலில் அதிகாரி முன்னிலையில் ஒரு மணிநேரச் சந்திப்பு, பிறகு தனியாக, பிறகு வார இறுதி இரவுகள், கடைசியில் சோதனை முறையில் வீடு திரும்பல். கடிகாரமும் ஓடுகிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்க அரசு மனுப்போட வேண்டும். போதையிலிருந்து மீளும் உடல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. இத்தனையையும் தாண்டி, 2021 நிதியாண்டில் வளர்ப்புப் பராமரிப்பை விட்டு வெளியேறிய பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் வீடு திரும்பினார்கள்.

ஆனால் திருந்த வேண்டியவர் பெற்றோர் மட்டும்தானா?

அதே ஆண்டு பிரிக்கப்பட்ட குழந்தைகளில் 63 சதவீதத்தினருக்குப் பதிவான காரணங்களில் ஒன்று கவனிப்பின்மை. அந்தச் சொல்லுக்குள் பல நேரம் வறுமையும் ஒளிந்திருக்கிறது: வாடகை கட்ட முடியாத வீடு, இரவு வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை. அரசும் பெருந்தவறு செய்திருக்கிறது. செவ்விந்தியர் என்று நாம் அறிந்த பூர்வகுடிகளின் பிள்ளைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் குடும்பத்தை விட்டுப் பிரிக்கப்பட்டிருந்ததை ஆய்வுகள் காட்டிய பிறகுதான், 1978இல் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. மைமோனிடஸின் அளவுகோலை அரசின் மீதும் வைத்துப் பார்ப்பதே நேர்மை.

குழந்தையோ எதற்கும் கடன்பட்டதில்லை. மன்னிப்பு அதனிடமிருந்து கேட்டு வாங்கும் பொருளல்ல. அம்மாவிடம் திரும்பிய மகிழ்ச்சியோடு, சோறூட்டி வளர்த்த மற்றொரு வீட்டைப் பிரிந்த துக்கமும் அதற்கு உண்டு. அந்த வளர்ப்புப் பெற்றோரோடு உறவைத் தொடரவிடும் தாய்தந்தையர் பிள்ளையின் இரு அன்புகளையும் காப்பாற்றுகிறார்கள்.

வழக்கு முடிந்ததும் அதிகாரிகளின் வருகையும் உதவிகளும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பழைய தெரு, பழைய கடன், பழைய நண்பர்கள் எல்லாம் அப்போதுதான் திரும்பி வருகின்றன. உண்மையான சோதனை தொடங்குவது அங்கே என்பதால், வாடகை உதவியும் சிகிச்சையும் அந்த வீட்டுக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் கைதட்டுகிறவர்கள் அரசிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.