குறைத்த இடம்

(குருவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மயிலாப்பூரில் ஒரு மாடி வீட்டுக் கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி தட்டுக்கழி பிடித்துப் பாடம் நடத்துகிறார். மாணவிக்கு வயது 48. சிறுமியாக இவரிடம் வந்தவள், இன்று தானே ஒரு பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறாள். மார்கழி சீசன் முடிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.)

மாணவி: அம்மா, நான் ஆடியதைப் பற்றி நீங்கள் இதுவரை ஒன்றுமே சொல்லவில்லை.

குரு: நீ கேட்கவில்லை.

மாணவி: இப்போது கேட்கிறேன்.

குரு: வர்ணத்தில் மூன்றாவது தீர்மான ஜதியைப் பாதியில் கத்தரித்துவிட்டாய். நான்காவதில் முழுமண்டி வர வேண்டிய இடங்களை நின்றபடியே முடித்தாய். என் கண்ணுக்கு மேடை சரியாகத் தெரியவில்லை, சலங்கைச் சத்தத்தில் தெரிந்தது. முதல் த்ரிகாலத் தீர்மானத்தை மட்டும் ஓர் அட்சரம் விடாமல் ஆடினாய். அது வீம்புக்கு.

மாணவி: வீம்புக்குத்தான். ஆனால் சபையில் வேறு யாருக்கும் தெரியவில்லை அம்மா. வர்ணம் கச்சிதமாக இருந்ததென்று பாராட்டினார்கள். அதுதான் உறுத்துகிறது. முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதென்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வருடத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு வருகிறேன். ஒருநாள் வெட்டுவதற்கே எதுவும் மிஞ்சாது. அன்றைக்கு நான் யார்?

குரு: தேயாமல் என்ன செய்யும்? அரைமண்டியில் கால் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பாதி ஊர் முட்டியிலிருந்து திருப்புகிறது, அதுவும் மொசைக் தரையில். சரி, அது போகட்டும். பெரிய கேள்வியைப் பிறகு பார்க்கலாம், முதலில் சின்னக் கேள்வி ஒன்று. வெட்டினாயே, அந்த இடத்தில் என்ன வைத்தாய்?

மாணவி: என்ன வைப்பது? சீக்கிரம் முடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன்.

குரு: அதைத்தான் நான் பார்த்தேன். ஒரு பெண் எதையோ ஒளித்துக்கொண்டு ஓடுகிறாள். நீ ஆடியதில் எனக்குப் பிடிக்காதது அந்த ஓட்டம் ஒன்றுதான். தீர்மானம் குறைந்ததைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

மாணவி: எல்லாரும் ஒன்றுதான் சொல்கிறார்கள். வயதானால் அபிநயம் கூடிவரும், இனிமேல் பதம், ஜாவளி என்று உட்கார்ந்துகொள் என்று.

குரு: அபிநயம் என்ன, பென்ஷனா? கால் ஓய்ந்ததும் முகத்துக்கு மாதாமாதம் வந்து சேருவதற்கு? தலைவன் வரவில்லை என்கிற வரிக்கு நீ ஒரு சஞ்சாரி செய்வாய். வாசலைப் பார்ப்பாய், விளக்கைத் தூண்டுவாய், பூ வாடும், தோழியிடம் கோபிப்பாய். உன் 25 வயதில் அதைப் பார்த்து நான் கண் கலங்கினேன். இந்த சீசனிலும் அதேதான் வந்தது, வரிசைகூட மாறவில்லை. உன் முட்டிக்கு 48 வயது. அந்தச் சஞ்சாரிக்கோ கிழடு தட்டி எத்தனையோ காலமாகிறது. அதை எந்த டாக்டரிடமும் நீ காட்டவில்லை.

மாணவி: (சற்று நேரம் கழித்து) அதற்குத்தான் அதிகமாகக் கை தட்டுகிறார்கள்.

குரு: தட்டத் தட்ட அது அப்படியே உறைந்துவிட்டது. முட்டி உன்னைக் கேட்காமல் மாறுகிறது, அது உடம்பின் வழி. சஞ்சாரி நீ தொட்டால்தானே மாறும்? நீ தொடவில்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்து வயது என்று பேர் வைத்துவிட்டு அழுகிறாய்.

மாணவி: பாலசரஸ்வதியும் அதே பதங்களைத்தானே வாழ்நாள் முழுக்க ஆடினார்?

குரு: பதம் அதே பதம். சத்யஜித் ராய் எடுத்த படத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா?

மாணவி: 'பாலா', 1976. கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுவார். காற்றில் புடவை பறக்கும்.

குரு: எல்லாரும் அந்தக் கடற்கரையையே சொல்கிறார்கள். அதே படத்தில் வர்ணமும் ஆடுகிறார், அதை மறந்துவிடுகிறார்கள். வயது 58 ஆகிவிட்டது, உடம்பு கனத்துவிட்டது. ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய கால் அது. அவசரமே இல்லாமல் தரையைத் தொடுகிறது. அடுத்த முறை முகத்தைப் பார்க்காதே, காலை மட்டும் பார். ஒன்று சொல்லட்டுமா? முதுமையில்தான் கலைஞர் உச்சத்துக்குப் போகிறார் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பாலம்மாவின் 30 வயது ஆட்டத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று யார் இருக்கிறார்கள்? போனது போனதுதான். அதை இல்லையென்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். கிடைத்தது வேறு, இழந்தது வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றின் கணக்கைத் தீர்க்க முடியாது.

மாணவி: நீங்களே தேற்றாவிட்டால் வேறு யாரிடம் போவேன்?

குரு: வெளிநாட்டுக் கதையெல்லாம் நீதான் படிக்கிறாயே. அங்கே என்ன செய்கிறார்கள்?

மாணவி: பலவிதமாகச் செய்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஜிரி கிலியான், 40 வயது தாண்டியவர்களுக்கென்றே 1991-இல் தனியாக ஒரு நடனக்குழு வைத்தார். 2006-இல் அது நின்றுவிட்டது. அமெரிக்காவில் மார்த்தா கிரஹாம் 75 வயது வரைக்கும் மேடையை விடவில்லை. தன் பாத்திரங்களை இளையவர்களுக்குக் கொடுக்க மனம் வராமல் தவித்தார். மேடையை விட்ட பிறகு குடியில் விழுந்தார், நோயில் விழுந்தார். எப்படியோ எழுந்து வந்து, 96 வயதில் சாகும் வரை மற்றவர்களுக்காகப் புதிது புதிதாக நடனம் அமைத்தார். அவரிடம் ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாமுக்கு மூட்டுவாதம். அவர் கணினித் திரையில் மனித உருவங்களை அசைத்துப் பார்த்து நடனம் அமைத்தார். 2009-இல், 90-ஆவது பிறந்தநாள் அன்று, புது நடனம் ஒன்றை அரங்கேற்றினார். அதே வருடம் இறந்தார்.

குரு: கெட்டிக்காரர்.

மாணவி: ஆனால் அவர்களுக்கெல்லாம் மற்றவர்களின் உடம்பு கிடைத்தது அம்மா. இருபது வயது உடம்புகள். நான் தனியாக ஆடுகிறவள். என் உடம்புதான் எனக்கு இருக்கிறது.

குரு: நியாயம். அப்படியானால் நீ செல்போனில் காண்பித்தாயே, அந்த ஜப்பான் தாத்தா. அவரைச் சொல்.

மாணவி: கசுவோ ஓனோ. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவர். 1929-இல் டோக்கியோவில் லா அர்ஜென்டினா என்ற ஸ்பானிய நடனக்காரி ஆடியதைப் பார்த்தார். அவளை நினைத்து 1977-இல் ஒரு தனிநடனம் ஆடினார். உலகம் அவரைக் கண்டுகொண்டது அதற்குப் பிறகுதான். அப்போது வயது 71.

குரு: நடுவில் எத்தனை வருடம்?

மாணவி: 48.

குரு: உன் வயது.

மாணவி: (சிரிக்கிறாள்) ஆமாம். கடைசியில் நடக்க முடியாமல் போனது. நாற்காலியில் உட்கார்ந்து கைகளால் மட்டும் ஆடினார். 2010-இல், 103 வயதில் இறந்தார்.

குரு: அந்தக் கையைத்தான் நீ எனக்குக் காட்டினாய். எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. கை என்றால் நமக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து பதாகம், கர்த்தரீமுகம், கடகாமுகம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவர் கையில் முத்திரை ஒன்றுகூட இல்லை. நம் கை எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். இது பூ, இது வில், இது கண்ணன் என்று. அந்தக் கை எதையும் சொல்லவில்லை. எழுந்தது, நடுங்கியது, இறங்கியது. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. நானும் நாற்காலியில் உட்கார்ந்துதான் கையைத் தூக்குகிறேன். ஆனால் நான் தூக்கும்போது, நின்று ஆடுகிற ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு அவளுடைய பாதியைத்தான் காட்டுகிறேன். அவர் உட்கார்ந்திருக்கிற ஆள் என்ன ஆடுவானோ அதை ஆடினார். நடுங்குகிற கை என்ன ஆடுமோ அதை. மீதி எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மாணவி: அவர் பாணிக்குச் சட்டமே இல்லை. நமக்குத் தாளம் உண்டு, சாகித்தியம் உண்டு, மார்க்கம் உண்டு. அதற்குள் நான் எதை மாற்ற முடியும்?

குரு: கலாநிதி நாராயணனை நினைத்துப் பார். கௌரி அம்மாளிடம் பதம் கற்றவர். பதின்வயதிலேயே ஆட்டத்தை விட்டார். கல்யாணம், குடும்பம் என்று ஏறக்குறைய முப்பது வருடம் ஓடியது. 1973-இல் ஒரு பெண்ணுக்கு அபிநயம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள், வந்தார். பிறகு, பெயர் வாங்கிய நர்த்தகிகளே வரிசையில் வந்து அவரிடம் கற்றார்கள். 1985-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். ஒரே வரிக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் புதுப்புது பாவம் எடுத்துக்காட்டுவார். எல்லாம் நீ சொல்கிற சட்டத்துக்குள்ளேதான்.

மாணவி: அந்த முப்பது வருடமும் அவருடைய கலை எங்கே இருந்தது?

குரு: உள்ளே உறங்கியது என்று எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தொடாத வித்தை மங்கும். என் ஊகம் வேறு. ஊகம்தான், அவரிடம் கேட்டதில்லை. முப்பது வருடம் அவருக்கு யாரும் கை தட்டவில்லை. அதனால் எந்தச் சஞ்சாரியும் உறைந்துபோகவில்லை. திரும்பி வந்தபோது கையில் பதம் இருந்தது, சின்ன வயதில் கேட்ட பாட்டு இருந்தது, நடுவில் வாழ்ந்த வாழ்க்கை இருந்தது. காப்பாற்ற வேண்டிய பெயர் மட்டும் இல்லை. உனக்கு அந்தப் பெயர் இருக்கிறது. அதுதான் உன் முட்டியைவிடக் கனம்.

மாணவி: பெயரைச் சொல்கிறீர்கள், முகத்தைச் சொல்லவில்லையே. 48 வயதில் நான் காதலுக்குப் புதியவளான முக்தா நாயகியாக வெட்கப்பட்டால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

குரு: ஒடிசி ஆடிய கேளுசரண் மகாபாத்ரா ஆண்பிள்ளை. தலை வழுக்கை, எழுபதை நெருங்கிய வயது. ராதையாக ஆடினார். யார் சிரித்தார்கள்?

மாணவி: அவர் ஆண் என்பதால்தான் அம்மா. அவரிடம் ராதையின் முகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் நடிப்பை மட்டும் பார்த்தார்கள். வயதான பெண் ஆடினால் அவளுடைய பழைய போட்டோவோடு ஒப்பிடுகிறார்கள். சபா அழைப்பிதழில் இன்னும் என் பழைய படம்தான் வருகிறது.

குரு: அந்தப் படத்தை சபாவுக்கு அனுப்பியது யார்?

மாணவி: நான்தான்.

குரு: சரி. ஆனால் நீ சொன்னது உண்மை, அதை மறுக்க மாட்டேன். பெண்ணுக்கு இது கூடுதல் பாரம். பார்க்கிறவர்களை உன்னால் திருத்த முடியாது. படத்தை மாற்றலாம். முக்தாவை விட வேண்டாம். வெட்கம் என்றால் என்னவென்று பதினாறு வயதில் உனக்குத் தெரியாது, வெட்கப்பட மட்டும்தான் தெரியும். இப்போது அது எங்கே தொடங்குகிறது, எதற்குப் பயப்படுகிறது, எப்போது பொய்யாகிறது என்றெல்லாம் உனக்குத் தெரியும். அதை ஆடு. பதினாறு வயதுக்காரியைப் போல் கண்ணை மட்டும் படபடவென்று அடிக்காதே, பார்க்கச் சகிக்காது.

மாணவி: நான் முதலில் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லாம் போன பிறகு நான் யார்?

குரு: உட்கார்ந்துதான் பாடம் சொல்ல முடியும் என்று ஆன புதிதில் நானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. காலையில் ஒரு குழந்தை வந்து நாட்டடவைத் தப்பாகத் தட்டும். கழியை எடுப்பேன். அந்த நேரத்தில் நான் யார் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. வேலை ஓய்ந்த சாயங்காலத்தில்தான் அந்தக் கேள்வி வருகிறது. பொய்க் கேள்வி என்று சொல்லவில்லை. அதற்குப் பதில் கிடைத்தபின்தான் ஆடுவேன் என்றால் நீ ஆடவே மாட்டாய், அவ்வளவுதான். எழுந்திரு. மூன்றாவது தீர்மானத்துக்கு முந்தைய வரி என்ன?

மாணவி: ஏன் இன்னும் தாமதம் என்று அவள் கேட்கிற வரி.

குரு: நான் ஜதியை முழுசாகச் சொல்லப்போகிறேன். ஓர் அட்சரம் குறைக்க மாட்டேன். நீ ஆடாதே.

மாணவி: சும்மா நிற்பதா?

குரு: சும்மா நிற்பதற்கு நீ எதற்கு? இத்தனை காலமும் உன் காலில் ஓடிய ஜதி இது. இப்போது அது வெளியே எங்கேயோ கேட்கிறது. அவன் வீதியில் வருகிற சத்தமா, அடுத்த வீட்டுக்குப் போகிற சத்தமா, இவள் நெஞ்சு அடித்துக்கொள்வதா, எனக்குத் தெரியாது. நீ கண்டுபிடி. கால் அசைய வேண்டுமென்று தோன்றினால் அசையட்டும், அதுவும் எங்கே என்று நீ பார். ஆனால் பாதியில் வெட்டி ஓடக்கூடாது. கடைசி 'தா' வரைக்கும் அந்த இடம் உன்னுடையது.

மாணவி: ஜதி மறந்து நிற்கிறேன் என்று நினைப்பார்கள்.

குரு: முதல் இரண்டு ஆவர்த்தனம் நினைப்பார்கள்.

மாணவி: பிறகும் அப்படியே நினைத்தால்?

குரு: அப்போது நீ ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி தேட வேண்டும். ஒரே நாளில் வராது. வராமலே போனாலும் போகலாம். சலங்கை வேண்டாம், கழற்றி வை. நாளைக்கு மிருதங்கக்காரரையும் வரச் சொல். அவரும் இதைக் கேட்டுப் பழக வேண்டும். நீ ஆடாத இடத்தில் நிரப்புகிறேன் என்று அவர் வாசித்துத் தள்ளிவிடுவார்.