விதியா, விதிமுறையா?

மூப்பு வரும், எவராலும் தடுக்க முடியாது. மூப்போடு நோயும் வரும். மருத்துவம் அதை ஓரளவே தடுக்கும். ஆனால், வயது ஏற ஏறக் காப்பீட்டுக் கட்டணமும் ஏறும் என்கிறார்களே, அதுவும் இயற்கைதானா? "எல்லாம் விதி" என்று வாய்மூடி இருக்க வேண்டியதுதானா? அமெரிக்க நாட்டு முதியோர் நிலையைக் கொண்டு ஆராய்வோம்.

1965-ஆம் ஆண்டு ஜூலை 30-இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயது நிறைந்தோர்க்கு 'மெடிக்கேர்' எனும் அரசுக் காப்பீடு பிறந்தது. அரிய செயல்; பாராட்டுகிறோம். ஆயினும், மருத்துவர் கட்டணத்தில் பெரும்பாலும் 100-க்கு 80 பங்கையே அது தாங்குகிறது. மீதி 20 நோயாளியின் தலையில். அதற்கு உச்சவரம்பும் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத் தனியார் நிறுவனங்கள் விற்பதே 'மெடிகேப்' எனும் துணைக் காப்பீடு.

அதற்குக் கட்டணம் விதிக்கும் முறைகள் மூன்று. வயது பாராது அனைவர்க்கும் ஒரே கட்டணம் என்பது ஒன்று. சேர்ந்தபோதிருந்த வயதையே என்றும் கணக்கிற் கொள்வது மற்றொன்று. வயது கூடக்கூடக் கட்டணத்தையும் கூட்டிக்கொண்டே போவது மூன்றாவது. மருத்துவச் செலவு உயர்ந்தால் மூன்றிலுமே கட்டணம் உயரும், மறுக்கவில்லை. மூன்றாம் முறையிலோ, முதியவர் அதற்கு மேலும், உயிரோடிருப்பதற்கே தண்டம் கட்டுகிறார். தொடக்கத்தில் மலிவு; தள்ளாமையில் பளு!

வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்பீர்கள். 65 வயதில், மெடிக்கேரின் மருத்துவர் செலவுப் பகுதியில் சேர்ந்த நாள் தொட்டு ஆறு மாதமே கதவு அகலத் திறந்திருக்கும். அது கழிந்தால், பெரும்பாலான மாநிலங்களில், உடல்நிலையைக் காட்டி மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, விதிவிலக்குகள் சிலவே.

நியூயார்க் மாநிலத்திலோ, வயதைக் காட்டிக் கட்டணத்தை உயர்த்தச் சட்டம் இடந்தராது; ஆண்டு முழுதும் கதவு திறந்தே இருக்கும். அங்கே மட்டும் மூப்பு வருவதில்லையா? நோய் அணுகுவதில்லையா? மாநில எல்லையைத் தாண்டியதும் மாறிவிடும் ஒன்று இயற்கையாக இருக்க முடியுமா? தலைவிதியன்று அது, மனிதர் எழுதிய விதிமுறை. எழுதிய கைக்குத் திருத்தவும் தெரியும்.

"செலவு வைப்பவர் கொடுக்கட்டும், 85 வயதினருக்காக 65 வயதினர் ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்பாருண்டு. நேர்மையான கேள்விதான். ஒரே கட்டணம் என்றால், புதிதாகச் சேர்பவர் தொடக்கத்தில் கூடுதலாகக் கொடுக்க நேரும், மறைப்பானேன்? ஆனால், 85 என்பது வேறு சாதியன்று; 65 நடந்து சென்று சேரவிருக்கும் ஊர். இன்று இவர் கொடுப்பது, நாளை இவருக்கே நிழலாகும்.

இளைஞர் தோழர்களே! சம்பளம் நின்று, சேமிப்பும் கரைந்து, கால் தடுமாறும் வேளையில் சுமையை ஏற்றுவதா? தோள் தாங்கும் காலத்தில் பலரும் பகிர்வதா? சமத்துவத்துக்கு விலை உண்டு. தோள் தாங்கும்போதே அதைக் கொடுத்துவிடுவது அறிவு. அறமும் அதுவே என்போம்.