ஓடுவது தர்மமாகுமா?

ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக ஓட்டமும் சைக்கிள் பயணமும் நடத்துவது பட்டணங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதே சென்னையில் நடந்த மாரத்தானில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்து கொண்டனர். பதிவுக் கட்டணமாகச் சேர்ந்த தொகை மருத்துவப் பணிக்கு வழங்கப்பட்டது. இந்த வழக்கம் இப்போது சிற்றூர்களையும் எட்டிப் பார்க்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர், திருச்சி - சிதம்பரம் சாலையில் இப்படியொரு ஓட்டமும் சைக்கிள் பயணமும் நடத்தி, சிறுநீரக நோயாளிகளுக்கு உதவலாமா என்று கேட்டனர். அவர்களுடைய கேள்வி வந்த கையோடு பெரியவர்களின் ஆட்சேபமும் வந்து சேர்ந்தது. தர்மம் செய்ய நினைப்பவன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, அதற்கு எதற்கு இந்த ஆரவாரம்? உல்லாசத்துக்கு ஓடிவிட்டு அதற்கு ஸதகா என்று பெயர் சூட்டுவது தீனை விளையாட்டாக்குவதல்லவா?

பெரியவர்களின் இந்த ஆட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. இதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மகிழ்ச்சியோடு செய்த காரியம் வணக்கமாகுமா என்பது ஒன்று. பலர் அறியக் கொடுத்தது ஸதகாவாகுமா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மஸ்அலா தெளிவாகும்.

முதலில் விளையாட்டை எடுத்துக் கொள்வோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவர்களே அதில் குதிரை ஓட்டியவர்கள். பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரமும், பழக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரமும் வகுக்கப்பட்டன. சக்திக்குத் தக்க தூரம் என்ற இந்த ஏற்பாட்டை, ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று பிரிக்கும் இன்றைய ஓட்டக்காரர்கள் அறிந்திருந்தால் மகிழ்வார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி பெருமானார் ஓட்டப்பந்தயம் ஓடியதும், ஒருமுறை அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை பெருமானார் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே ஓடுவதும், அதில் சந்தோஷப்படுவதும் மார்க்கத்தில் இழிவானவை அல்ல. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தால்தான் தர்மம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இளைஞர்கள் இதற்கு நேர்மாறான ஒரு வாதத்தைச் சொன்னார்கள். ‘நாங்கள் உல்லாசத்துக்கு ஓடவில்லை, கஷ்டப்பட்டு ஓடுகிறோம், அந்தக் கஷ்டமே எங்கள் தர்மம்’ என்றார்கள். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் இதையும் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. முதிய மனிதர் ஒருவர் தம் இரு மகன்களின் தோளில் தாங்கலாகத் தள்ளாடி நடந்து வருவதை நபி (ஸல்) அவர்கள் கண்டு விசாரித்தார்கள். கஃபாவுக்கு நடந்தே போவதாக அவர் நேர்ச்சை செய்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் தம்மை இப்படி வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லும்படி பெருமானார் உத்தரவிட்டார்கள். இது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. வலி என்பது நமது மார்க்கத்தில் செலாவணி நாணயம் அல்ல. உள்ளங்காலில் கொப்புளம் கண்டது என்பதற்காக ஓர் ஏழையின் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டப்பட்டுவிடுவதில்லை.

ஸஹாபாக்களின் உழைப்பைப் பாருங்கள். ஸதகா செய்யும்படி கட்டளை வந்தபோது, கையில் ஒன்றுமில்லாதவர்கள் கடைத்தெருவுக்குப் போய்ச் சுமை தூக்கினார்கள். கிடைத்த கூலியிலிருந்து இரு கை அளவு தானியத்தைக் கொண்டு வந்து கொடுத்தார்கள் என்று அபூமஸ்ஊத் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். அங்கே உடல் வருத்தம் கூலியாக மாறியது. கூலி ஸதகாவாக மாறியது. இன்று ஓடுகிறவனின் வியர்வைக்கு அப்படி யாரும் கூலி தருவதில்லை. அவன் ஓடுவதைப் பார்த்து இன்னொருவர் பணம் தருகிறார். அல்லது அவனே கட்டணம் கட்டிவிட்டு ஓடுகிறான். பணம் வேறு, ஓட்டம் வேறு. அப்படியானால் ஓட்டத்தின் பிரயோஜனம் என்ன?

அது ஓர் அழைப்பு. அவ்வளவுதான்; ஆனால் அது அற்பமானதல்ல.

முளர் கோத்திரத்தைச் சேர்ந்த மக்கள் கிழிந்த கம்பளிகளைப் போர்த்தியவர்களாக மதீனா வந்து நின்றபோது, அவர்களுடைய வறுமையைக் கண்டு நபி (ஸல்) அவர்களின் திருமுகம் நிறம் மாறிவிட்டது. மக்களைக் கூட்டிப் பேசினார்கள். அன்ஸாரி ஒருவர், கை தாங்கமாட்டாத கனமான பண முடிப்பொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவரத் தொடங்கினர். உணவுப் பொருளாக ஒரு குவியல், துணியாக ஒரு குவியல் என்று இரண்டு குவியல்கள் சேர்ந்தன. பெருமானாரின் முகம் மலர்ந்தது. நல்ல வழியொன்றைத் தொடங்கி வைப்பவருக்கு அதைப் பின்பற்றுவோரின் கூலியும் உண்டு என்று அப்போதுதான் சொன்னார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் ஜரீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் சம்பவத்தை நாம் மேடைகளில் எத்தனையோ விதமாக எடுத்தாள்கிறோம். அதன் மூலச் சூழ்நிலை, பலர் முன்னிலையில் கொடுத்து மற்றவர்களின் கையைத் திறக்க வைத்த ஒரு மனிதரைப் பற்றியது என்பதைப் பலர் சொல்வதில்லை.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டு வாலிபரின் ஓட்டமும் இப்படிப்பட்ட அழைப்பாகவே இருந்தது. 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12ஆம் தேதி செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலில் பரவியதால் நின்றார். 1981 ஜூன் 28இல் தம் 22ஆம் வயதில் இறந்தார். நாட்டு ஜனங்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் என்பது அவர் கேட்டது. இறப்பதற்கு முன் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. நமக்கு அருகில் இலங்கையில், 2011 ஜூலையில், தெற்கே தெவிநுவரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டரை 27 நாட்களில் நடந்து கடந்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் அந்நாட்டில், போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அந்த நடையில் திரண்ட நிதியால் யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நடந்தவர்களின் கால்வலி சில நாட்களில் தீர்ந்திருக்கும். கட்டில்கள் அங்கே இருக்கின்றன.

எங்கள் ஊரிலேயே இதற்கொரு பழைய சாட்சியம் உண்டு. இராசேந்திர சோழன் வடக்கே படை அனுப்பிக் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் என்ற பெரிய ஏரியை வெட்டுவித்தான். அதை நீராலான வெற்றித் தூண் என்று செப்பேட்டில் புகழ்ந்து எழுதினார்கள். பெருமைக்காகத்தான் செய்தான் என்றே வைத்துக் கொள்ளுங்கள். உழவனுக்கு வேண்டியிருந்தது தூண் அல்ல, தண்ணீர். மன்னனின் எண்ணம் அவனோடு போயிற்று. ஏரியின் பயன் ஜனங்களுக்குக் கிடைத்தது.

ஆனால் இங்கேதான் முஃமினுக்கு ஓர் அச்சம் இருக்க வேண்டும். ஜனங்களுக்குப் பயன் கிடைத்துவிட்டது என்பதால் கொடுத்தவனுக்கு நன்மை கிடைத்துவிட்டது என்று ஆகாது. தன்னைக் கொடையாளி என்று பிறர் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கொடுத்தவன், மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவன் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. (அந்த மூவரில் புகழுக்காகக் கற்ற ஆலிமும் உண்டு, கட்டுரை எழுதுகிறவன் அதை மறக்கலாகாது.) வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்ற கருத்தைத் திருமறை 2:271இல் காண்கிறோம். ஜகாத்தைப் பகிரங்கமாகவும் உபரியான ஸதகாவை இரகசியமாகவும் கொடுப்பது மேல் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே ஓடுகிறவர் தம் முகம் தெரிய ஓடட்டும். தம் பணத்தை முகம் தெரியாமல் கொடுக்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்தினாலே பாதி ரியா ஒழிந்துவிடும்.

ரியாவைக் காட்டிலும் எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. நிகழ்ச்சி முடிந்ததும் மேடை போட்டு, நோயாளியை ஏற்றி, ஓர் அட்டைக் காசோலையைக் கையில் பிடிக்கவைத்துப் படம் எடுக்கிறார்களே, அது! வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்கு ஆஸ்பத்திரிக்கு அலைகிற ஒரு குடும்பத் தலைவர், தம் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற காலத்தில், அந்தப் படத்தை ஊரார் கைபேசிகளிலெல்லாம் பார்க்க நேர்கிறது. சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்ற கருத்து 2:264இல் வருகிறது. தம் தேவையை வெளியே காட்டாததால் அறியாதவர் செல்வந்தர் என்று நினைத்துக் கொள்ளும் ஏழைகளைப் பற்றி 2:273 பேசுகிறது. அல்லாஹ் எந்தக் குணத்துக்காக அவர்களைச் சிறப்பித்துச் சொல்கிறானோ அதையே நாம் அவர்களிடமிருந்து பறித்துவிட்டு, பதிலுக்கு ஒரு தொகையைக் கொடுப்பதா? ஓடியவர்களுடைய படம் போதும். நோயாளி தம் வீட்டில் இருக்கட்டும். பணம் ஆஸ்பத்திரிக் கணக்கில் நேராகப் போய்ச் சேரட்டும்.

இனி நுழைவுக் கட்டணம். முந்நூறு ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டி-சர்ட்டுக்கு நூற்றைம்பது, பதக்கத்துக்கும் காலைப் பலகாரத்துக்கும் எண்பது போனால், ஸதகா எழுபது ரூபாய்தான். மற்றது கொள்முதல், அதில் பாவமில்லை, ஆனால் அதைத் தர்மக் கணக்கில் எழுதக் கூடாது. எவ்வளவு நோயாளிக்குப் போகிறது என்பதைக் கட்டணம் வாங்கும் முன்பே நோட்டீஸில் அச்சிட்டுவிட வேண்டும். வசதியுள்ள ஒருவர் செலவுகளை ஏற்றுக்கொண்டால் முந்நூறும் முழுசாகப் போய்ச் சேரும். அந்த வசதியுள்ளவர் சாராயமோ வட்டியோ விற்பவராக இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டணத்தை ஜகாத்தாக நிய்யத் செய்யலாமா என்றும் கேட்டார்கள். கூடாது. ஜகாத் 9:60இல் சொல்லப்பட்ட எட்டுப் பிரிவினரில் ஒருவருக்கு உரிமையாக்கப்பட வேண்டிய பொருள். கட்டியவருக்கே டி-சர்ட்டாகத் திரும்பி வருவது ஜகாத் ஆகாது.

பரிசு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஓடுகிறவர்களின் கட்டணத்தைச் சேர்த்து வென்றவருக்குக் கொடுப்பது சூதாட்டத்தின் வாசல். ஓட்டத்துக்குப் பணயம் வைப்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி கூடாது. ஹனஃபீ நூல்களில் நிபந்தனைகளோடு இடம் உண்டு. தர்ம ஓட்டத்தில் பணப்பரிசே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலில் வந்தவருக்கு ஒரு ‘மாஷா அல்லாஹ்’ போதாதா?

நம் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991இல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றபோது, முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடும் முன், உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டார்கள் பெருமானார். அந்த ஒழுங்கிலேயே பதில் இருக்கிறது: பெண்களுக்கென்று தனி நேரமும் தனி இடமும், உடலை மறைக்கும் தளர்ந்த உடையும் இருந்தால் அவர்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். அது முடியாத ஊரில், வீட்டிலிருந்தே பணம் அனுப்புகிற பெண்ணுக்கு நன்மை குறைந்துவிடாது.

ஓட்டங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்குகின்றன. சுப்ஹு தொழுகையைத் தவறவிட்டு நஃபிலான ஸதகாவுக்கு ஓடுவது, அஸ்திவாரத்தைப் பெயர்த்து மாடி கட்டுவதாகும். பள்ளியில் ஜமாஅத் முடிந்த பிறகே புறப்படும்படி நேரம் குறியுங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஸதகா என்று நபிமொழி இருக்க, தர்ம ஓட்டம் போன சாலை நெடுகத் தண்ணீர்க் கப்புகளும் பாட்டில்களும் கிடப்பதைப் பார்த்தால் என்ன சொல்வது! கடைசியாக வருகிறவர்கள் சாக்குப் பையோடு வரட்டும். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு அது தோதான வேலை.

மிஞ்சிய டி-சர்ட்களை ஏற்பாட்டாளர்களே பங்கிட்டுக் கொள்ளலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அவை நோயாளிகளின் பேரால் வாங்கிய பணத்தில் தைத்தவை. விற்று, வந்ததை அந்தக் கணக்கிலேயே கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.