எண்ண மறந்தவர் யார்?

சென்ற கோடையில் ஒரு மாலைப் பொழுது. உத்திரமேரூரை அடுத்த காவாந்தண்டலத்தில் அன்பர் ஒருவரது இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவ்வீட்டுப் பெரியவர் பேரப்பிள்ளைகளுக்குப் பரமார்த்த குருவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று அறியச் சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்ததும், அது 'சுர்'ரென்று சீறவே அஞ்சி ஓடி வந்ததும் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். உடனிருந்த நண்பர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இந்து சமயத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"பிள்ளைகள் சிரிக்கட்டும் ஐயா. ஆனால், வேறு நாட்டிலிருந்து சமயம் பரப்ப வந்த ஒருவர் இந்த மண்ணின் குருமார்களை ஏளனம் செய்ய எழுதியதல்லவா இது? எனக்கு நெருடுகிறது" என்றார்.

"சிரிப்பதற்கு ஒரு கதை, தம்பி. இதில் சமயம் எங்கே வந்தது?" என்றார் பெரியவர்.

இந்தக் கருத்து வேறுபாடு அந்தத் திண்ணைக்கு மட்டும் உரியதன்று. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரமாமுனிவர் இயற்றி, 1822இல் பாபிங்டன் என்பவரால் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறிய இந்நூலைத் தமிழ் உரைநடைப் புனைகதையின் முன்னோடி என்று போற்றுவோர் உண்டு; நகைச்சுவைப் போர்வையில் வந்த சமய ஏளனம் என்று வருந்துவோரும் உண்டு. பிறர் நம்பிக்கையைத் தொடும் சிரிப்பு அறமாகுமா? இக்கேள்வியைக் கத்தோலிக்கராகிய நாம் தட்டிக்கழிக்கலாகாது. ஏனெனில், எழுதியவர் நம்மவர்.

நண்பரது ஐயம் அடியற்றதன்று. தரங்கம்பாடியில் பணியாற்றிய லுத்தரன் மறைப்பணியாளரை எதிர்த்து விவாத நூல்கள் எழுதியவர் முனிவர். மாற்றாரைத் தாக்கத் தெரிந்த எழுதுகோல் அவருடையது. தம் வீட்டுப் பெரியவர்களைப் பிறர் நகையாடுவதாக எண்ணி ஒருவர் வருந்தும்போது, 'உமக்கு நகைச்சுவை உணர்வு இல்லை' என்று அவரை ஒதுக்குவது அன்புடைமை ஆகாது.

எனினும், மறுபக்கத்தையும் காண வேண்டும். மறைப்பணிக்கு வரும் அயல்நாட்டார் பேச்சுத் தமிழைப் பழகுவதற்கென்றே இந்நூல் எழுதப்பட்டது. கதைகளில் வரும் மடமையும் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. தன்னை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணும் பேதைமையை இங்கிலாந்து மக்கள் காத்தம் என்னும் ஊரார்மீது ஏற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டியவன் கதையை நம் நாட்டார் மகாகவி காளிதாசருக்கே ஏற்றிச் சொன்னார்கள். மேலும், முனிவரே காவியுடை தரித்து, தமிழ்த் துறவியரின் கோலத்தில் வாழ்ந்தவர் என்று அவர் வரலாறு எழுதியோர் குறிப்பர். அவரும் சீடர் சூழ வாழ்ந்த குருவே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐவரையும் அவர்தம் ஆசானையும் படைத்தபோது, தம் கோலத்தையும் அவர் கண்ணாடியில் கண்டிருக்கமாட்டாரா?

ஆயினும், எழுதியவர் உள்ளத்தைத் துருவித் தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. படிக்கும் நம் உள்ளத்தை ஆராய்வதே நம்மால் இயன்றது. அன்று திண்ணையில் நாம் யாரைக் கண்டு சிரித்தோம்? மடமையையா, மாற்றாரையா? அந்தக் குரு நம் ஊர்க் கோவிலின் பங்குக் குருவாகவும், அச்சீடர்கள் பங்குப் பேரவையினராகவும் இருந்திருந்தால் அதே மனத்தோடு சிரித்திருப்போமா? அல்லது, திருச்சபை இழிவுபடுத்தப்பட்டது என்று கண்டனக் கூட்டம் கூட்டியிருப்போமா? உண்மையைச் சொன்னால், இரண்டாவதே நடந்திருக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இங்கே நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட அவ்விதிகளின்படி, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு எழுதலாகாது. தன் கணக்கைக் காட்டாதவனுக்கு ஊர்க் கணக்கைப் பார்க்கத் தகுதியில்லை என்பதே இதன் கருத்து. பிறர் கண்ணிலுள்ள துரும்பைக் காணுமுன் தன் கண்ணிலுள்ள மரக்கட்டையை எடுக்கச் சொன்ன நம் ஆண்டவரின் போதனையும் இதுவே அன்றோ? நகைப்பதற்கும் இத்தகுதி வேண்டும்.

இதனால் சிரிப்பே பாவம் என்று கொள்ள வேண்டாம். ஆபிரகாமும் சாராவும் முதுமையில் பெற்ற மகனுக்கு ஈசாக்கு என்று பெயர். அதன் பொருளே 'அவன் சிரிக்கிறான்' என்பது. இறைவனுடைய வாக்குறுதியைக் கேட்டுத் தம் தளர்ந்த உடலை எண்ணிச் சிரித்தவர்கள் அவர்கள். அச்சிரிப்பில் அவர்கள் தம்மை விட்டுவிடவில்லை.

அன்று விடைபெறுமுன் பெரியவர் ஆற்றைக் கடந்த கதையின் முடிவையும் சொன்னார். கரையேறியவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிடுவதால் அறுவர் ஐவராகிவிடுகிறார்கள். ஆறு ஒருவரை விழுங்கியது என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் கோலால் அடித்து, அடிபட்டவனையே தன் பெயரைச் சொல்லச் செய்கிறான். கணக்குச் சரியாகிறது.

கேட்டிருந்த ஆசிரிய நண்பர் இம்முறை மெல்லப் புன்னகைத்தார். "அந்த அடி எனக்கும் வேண்டியதுதான்" என்றார். நாம் சற்று முன் சிரித்த சிரிப்பை எண்ணி வெட்கினோம். அவருடைய மனவருத்தத்தை ஒரு கணமேனும் எண்ணிப் பாராமல் சிரித்தவர்கள் நாமல்லவா?

பரமார்த்த குருவின் கதையைப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சொல்வோம். சொல்லும்போது, அடுத்த வீட்டார் கேட்டாலும் மனம் நோகாத வகையில் சொல்வோம். சிரித்து முடித்தபின், நம்மையும் ஒருமுறை எண்ணிக்கொள்வோம்.