மகமையும் பழியும்

சிவகாசியில் உருவாகும் பட்டாசு எந்த ஒரு நிறுவனத்தின் தனிச்சரக்கும் அன்று. காகிதக் குழாய் சுற்றுபவர், திரி செய்பவர், அலுமினியத் தூள் விற்பவர், லேபிள் அச்சடிக்கும் அச்சகம், உரிமம் பெற்ற ஆலை, முன்பணம் கொடுத்துச் சரக்குப் பிடிக்கும் வெளிமாநில மொத்த வியாபாரி என ஒவ்வொருவரும் தனிக்கணக்கு வைத்திருந்தாலும், அடுத்தவர் தரும் கடனையும் வாக்கையும் நம்பியே தொழில் நடக்கிறது. லாபம் இவ்வாறு பலருக்கும் பிரியும் தொழிலில், உயிரிழப்பின் பழி மட்டும் ஓரிடத்தில் நின்றுவிடுமா என்பது சட்டத்துக்கு முன்பே அறத்தின் முன் நிற்கும் கேள்வி.

இதற்குப் பழைய விடை உண்டு: வினை என்பது செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழிகளிலும் ஒருவரைச் சேரும் என்று சமணம் கொண்டது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும், உண்பதற்காக வாங்குவார் இல்லையெனில் ஊனை விலைக்குத் தருவாரும் இரார் என்று வாதிட்டு, கொலையின் பொறுப்பை வாங்குபவர் வரை கொண்டுசெல்கிறது.

விற்பனையில் பங்குள்ளவருக்குப் பொறுப்பிலும் பங்குண்டு என்னும் சிந்தனை வணிக நடைமுறையாகவே விளங்கிய இடமும் இதே வட்டாரம்தான். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகக் குடும்பங்கள் கூடி நடத்திய உறவின்முறை என்னும் ஊர்ச்சபை, வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்ற பெயரில் பொதுநிதிக்குப் பெற்றது. கோயிலும் கல்வியும் அந்நிதியால் வளர்ந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசியும் சேர்ந்தது. மகமை விரும்பியவர் விரும்பியபோது இடும் கொடை அன்று, விற்பனையோடு சேர்ந்தே பிறக்கும் கடன் என்பதே அதன் பெருமை. அக்கடன் தன் சமூகத்து எல்லைக்குள் பெரும்பாலும் நின்றது அதன் குறை.

அந்த எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் பலர் இன்று பட்டாசு ஆலைகளின் அறைகளில் வெடிமருந்து அடைக்கிறார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை விதிக்கு மாறாக வேறு பலருக்கு உள்குத்தகை விடும் வழக்கம், பொறுப்பைக் கைமாற்றிக் கைமாற்றிக் கரைத்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிபட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர், தீயைக் கண்டு ஓடிவந்த, எந்தக் கணக்கேட்டிலும் பெயரில்லாத அக்கம்பக்கத்தார்.

சரக்குக்கு மகமை பிடிக்கத் தெரிந்த வணிகச் சமூகத்துக்கு, விற்பனையாகும் ஒவ்வொரு பெட்டியிலும் தொழிலாளரின் பாதுகாப்புக்கென ஒரு பங்கை ஒதுக்குவது புதிய வித்தை அன்று. உள்குத்தகை அறையில் செய்த சரக்கை எடுப்பதில்லை என்று மொத்த வியாபாரிகளும், எங்கே எப்படிச் செய்தது என்று கேட்டே வாங்குவது என்று தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் குடும்பங்களும் உறுதிகொள்ள வேண்டும்.